அபயக் கை

"தொடாதம்மா! முத்திரை கலைஞ்சிடும்."

நனைத்த பஞ்சை அப்பாவின் உதட்டில் வைக்கப்போன மகள் அப்படியே நின்றாள். எதிரே நாற்காலியில் சிற்ப ஆய்வு மன்றத்தின் செயலாளர். நலம் விசாரிக்க வந்தவர், மன்றத் தலைவரான அப்பா தேறமாட்டார் என்று தெரிந்ததும் சட்டமாக உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவின் வலது கை எழும்பியிருந்தது. உள்ளங்கை வெளியே, விரல்கள் மேலே.

"அபயம்!" செயலாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நம்மள பயப்படாதேங்கறார். இடது கையப் பாரு. கடகம்! பூ ஏந்துற கை."

இடது கை பூ எதையும் ஏந்தவில்லை. போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்தது.

கல்லின் கைகளுக்குப் பொருள் சொல்லியே பெயர் வாங்கியவர் அப்பா. சக்கரம் காலம், சங்கு ஆதி ஒலி, உயர்த்திய கை அடைக்கலம். கேட்டவர்கள் கண்கலங்கி எழுந்துபோவார்கள். வீட்டில் அந்தக் கை உயர்ந்தால் பொருளே வேறு. மகள் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வாள். அவளாக அந்தக் கையைத் தொட்டதே கிடையாது.

மூச்சு இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. அப்பாவின் கண்கள் மூலைக்கு மூலை ஓடின. விரல்கள் காற்றில் எதையோ துழாவின.

"சார், அவர் பயப்படறார்."

"யாரு, இவரா? ஊருக்கே பயம் தெளிய வெச்சவரும்மா!" செயலாளர் கைபேசியை நீட்டிக் குறிபார்த்தார். "நினைவு மலருக்கு ஆகும். கட்டைவிரல்தான் கொஞ்சம் விலகியிருக்கு…"

அவள் குனிந்தாள். "அப்பா, பயமா இருக்கா?"

எதிர்ப்பட்டவரையெல்லாம் திருத்தியே பழகியவர் அவளைத் திருத்தவில்லை. தலையை ஆட்டினார்.

"போயிடாத," என்றார்.

தொண்டைக்குள் கொரகொரவென்று சத்தம் கிளம்பியது. செயலாளர் எழுந்துவிட்டார். "வெளிய சிக்னல் நல்லா இருக்கும்," என்று போனவர், கதவையும் சாத்திக்கொண்டார்.

அவளுக்கும் ஓடத்தான் தோன்றியது. கால் திரும்பியும் விட்டது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, உயர்ந்திருந்த கையைப் பிடித்தாள். அது எலும்பு நோக அவளைப் பற்றிக்கொண்டது.

"இங்கதான் இருக்கேம்பா. எங்கயும் போகல." குரல் அவளுடையதாகவே இல்லை.

இன்னொரு மூச்சு. அடுத்ததற்குக் காத்திருந்தாள். வரவில்லை. தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை.

சாத்திய கதவுக்கு வெளியே செயலாளர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "நேர்ல பாத்தேன்யா! பயம்னா என்னன்னே தெரியாத மனுஷர்…"

பிடி தளர்ந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வியர்வை கசகசத்தது. யாருடையது என்று தெரியவில்லை.