மோட்டர் பார்க்க வந்தவர்

பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ நடக்கிறார்கள், நிழல் யன்னலைக் கடந்துபோய்த் திரும்புகிறது, அது என் அறை, அந்தத் திரை அம்மாவின் பழைய சேலை, நான் பின்வளவில் குசினிக் கொட்டில் வாசலில் குந்தியிருந்து பார்க்கிறேன், விளக்கு வைக்கும் நேரம், விறகுப் புகையில் கண் எரிகிறது, அல்லது எரிந்தது, இப்போது சரியாகத் தெரியவில்லை. காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, டீசல் இல்லாமல் பஸ் நின்றதோடு நானும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றுவிட்டேன், கொழும்பில் அச்சகத்தில் வேலைசெய்த அப்பாவிடமிருந்து வருகிற காசும் சுருங்கியது, நல்லூர்த் திருவிழாவுக்கு வாற வெளிநாட்டுச் சனத்துக்கு வீட்டை வாடகைக்கு விடுவம் என்றாள் அம்மா, நாங்கள் கொட்டிலுக்குள்ள இருப்பம், வீட்டுக்காரர் பின்னால கிடக்கினம் எண்டால் அவைக்கும் அந்தரம், எங்களுக்கும் வெக்கம், வீட்டைப் பாத்துக்கொள்ளுற வேலையாக்கள் எண்டு சொல்லுவம், சொந்தக்காரர் லண்டனில, வாயைத் திறந்திடாத பிள்ளை. நான் எப்போதுதான் திறந்தேன்.

கனடாவிலிருந்து வந்து எங்கள் வீட்டை எடுத்த சுகிர்தா அன்ரி நல்லவர், உங்கட முதலாளி ரசனைக்காரன் பிள்ளை, யன்னல் எல்லாம் என்ன வடிவு, ஒருக்கால் வந்து பாக்கிறேல்லையோ அந்த மனுசன் என்று கேட்பார், ஒவ்வொரு யன்னலையும் அப்பா தச்சுவேலைக்காரருக்குப் பக்கத்தில் நின்று அளந்து போடுவித்தவர், நான் தலையைக் குனிந்துகொண்டு முற்றத்தைக் கூட்டுவேன், சில இரவுகளில் அந்த லண்டன்காரர் கனவில் வருகிறார், அவருக்கு அப்பாவின் முகம், கோட்டு மட்டும் புதிது.

தாள் கிடைக்காமல் அச்சகத்தைப் பூட்டிவிட்டார்கள், அம்மா அழுவாள் என்று ஒன்றும் சொல்லாமல் அப்பா புறப்பட்டு வந்துவிட்டார், வீட்டை விட்ட கதையை அம்மாவும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை, நடு மத்தியானம், கேற்றைத் திறந்து வந்து படியில் ஒரு செருப்பைக் கழற்றுகிறார், அன்ரி கதவைத் திறக்கிறார், ஆரைத் தேடுறியள். விளக்குமாறோடு ஓடிவந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கிறேன், சொல்லிவிடு அம்மா, இப்போதே சொல்லிவிடு, அம்மா சொல்கிறாள், அக்கா, அது கிணத்து மோட்டர் பாக்க வந்தவர். அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஓம் மோட்டரைத்தான் என்றார் அவர், கழற்றிய செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிக் கிணற்றடிக்குப் போனார், உடுப்புப் பையைக் கீழே வைத்து, பழுதில்லாத மோட்டரைக் கழற்றிப் பூட்டினார். பாவம், வெயிலுக்க நிக்கிறார் என்று அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்தார், அப்பாவின் பெரிய எவர்சில்வர் பேணியில், அவர் நின்றபடியே குடித்தார், குடிச்சிட்டு ஒருக்காக் கழுவி வையுங்கோ தம்பி, அவர் கழுவி வைத்தார்.

தேரும் தீர்த்தமும் முடியும்வரை அப்பா இருட்டினபிறகுதான் கொட்டிலுக்கு வந்து படுத்தார், பிறகு அன்ரி போய்விட்டார், அம்மா பாய் தலையணைகளைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்விட்டாள், இன்றைக்கும் வாங்கோவனப்பா என்கிறாள், இஞ்ச கொட்டிலுக்க காத்து நல்லாக் கிடக்கு, நீங்கள் போய்ப் படுங்கோ என்கிறார் அப்பா, நேற்றும் அதையே சொன்னார். நான் என் அறைக்குள் போய் விளக்கைப் போடுகிறேன், பச்சைத் திரைக்குப் பக்கத்தில் நிற்கிறேன், என் நிழல் யன்னலைத் தாண்டி வளவில் விழுந்து கொட்டில் வாசல்வரை நீள்கிறது, அங்கே குந்தியிருக்கும் அப்பா நிமிர்ந்து பார்க்கிறார், பிறகு மெதுவாக, வழிவிடுவதைப்போல, காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார்.