மூன்றாவது மடிப்பு

கடல்போல் விரிந்த ஏரியின் கரையில் உள்ள துலூத் நகரத்து மருத்துவமனை ஒன்றில், டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் அறையில், இல்சாவின் ஓவியத்தை நவம்பர் கடைசியில் மாட்டினார்கள். எட்டடி அகலம். நீலமும் வெள்ளையும் மேலிருந்து கீழே நழுவி இறங்கும்; வேறெதுவும் கிடையாது. பக்கத்தில் ஒட்ட வேண்டிய குறிப்பு மட்டும் பாக்கி.

"அறுபது வார்த்தை போதும் இல்சா," என்றாள் மருத்துவமனைக்காக ஓவியங்களைத் தேர்ந்தெடுக்கும் ரெனாட்டா. "இதுக்கு என்ன அர்த்தம்னு எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்றது?"

"எழுதித் தரேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

படத்தைப் பற்றிச் சொல்ல இல்சாவிடம் இருந்தது ஒரு பகலின் நினைவு மட்டும்தான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் காய்ச்சலில் கிடந்தாள். வீடு மாறிய புதிது; ஜன்னலுக்குத் திரை இல்லாமல் ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டிருந்தாள். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அந்தத் துணியின் மடிப்புகளில் வெளிச்சம் ஊர்ந்து இறங்குவதைக் காலையிலிருந்து மாலைவரை பார்த்தபடி கிடந்தாள். தூக்கமா விழிப்பா என்று தெரியவில்லை. தன் உடம்பு எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியவில்லை. அதைத்தான் வரைந்தாள். அதை எழுத உட்கார்ந்தால் பெட்ஷீட் வந்தது; பகல் வரவில்லை.

பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால் வார்த்தை கிடைக்கும் என்று நினைத்தாள். டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அந்த அறையில் போய் உட்கார்ந்தாள்.

முதலில் யாரும் படத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு கிழவர் மட்டும் அதற்கு நேர் எதிரே, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பெயர் ஓரின். இரும்புத்தாது ஏற்றும் கப்பல்களில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். உள்ளே அவர் மனைவி லோர்னா, வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம்.

"இந்தப் படம் உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள் இல்சா.

"பிடிக்கிறதுக்கு என்ன இருக்கு? நம்ம ஏரிதானே. நவம்பர் மாசத்துத் தண்ணி." விரலை நீட்டினார். "இடதுபக்கத்துலேர்ந்து மூணாவது மடிப்பு பாருங்க. அங்கதான் என் தம்பி இருக்கான். டேல்."

டேல் கப்பல் சமையலறையில் வேலை செய்தவன். இருபத்திரண்டு வயதில் ஒரு புயலில் மேல்தளத்திலிருந்து தவறி ஏரியில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை.

"அந்த ஏரி ஆளைத் திருப்பித் தராது. ஆனா இங்க இருக்கான். வந்ததும் ஒரு வார்த்தை பேசிட்டுத்தான் உக்காருவேன்."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவரை ஏமாற்றிக்கொண்டிருப்பது போல இல்சாவுக்கு இருந்தது.

"இதை வரைஞ்சது நான்தாங்க. இது ஏரி இல்ல. ஜன்னல்ல தொங்கின பெட்ஷீட்."

ஓரின் தோள் குலுங்கச் சிரித்தார். "மூணு வாரமா ஒரு பெட்ஷீட்டுக்கு குட்மார்னிங் சொல்லிட்டு இருந்திருக்கேன்." பிறகு சிரிப்பு வற்றிப்போயிற்று.

வியாழக்கிழமை இல்சா போனபோது, அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லியிருக்கக் கூடாது."

"உள்ளதைத்தானே சொன்னீங்க."

"எங்கேர்ந்து ஆரம்பிச்சேன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும். அது எங்க போய்ச் சேர்ந்ததுன்னு தெரியாது."

அன்று வழக்கமாகப் போகும் பின்பக்க லிஃப்ட் பழுது. அதனால் லோர்னாவைச் சக்கர நாற்காலியில் இந்த அறை வழியாகவே வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். படத்தைக் கண்டதும் நிறுத்தச் சொன்னாள்.

"இதானா அது? இவரு இதைப் பத்தியே பேசி என் காதைத் தின்னுட்டாரு. எங்கே டேல்?"

"விடு லோர்னா. அது பெட்ஷீட்டாம். வரைஞ்சவங்களே சொல்லிட்டாங்க."

"யாரு வரைஞ்சா என்ன? மூணாவது மடிப்புன்னுதானே சொன்னே?" லோர்னா வெகுநேரம் பார்த்தாள். அறை முழுக்கப் பனியின் வெளிச்சம் பரவியிருந்தது. உள்ளே இயந்திரங்களின் சத்தம், யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோலக் கேட்டது. "டேல் இல்ல. ஆனா யாரோ நிக்குறாங்க. முதுகு மட்டும் தெரியுது."

"அவன் எப்பவும் அப்படித்தாண்டி நிப்பான்."

"டேலுக்கு ஏதுய்யா இவ்வளவு அகலமான முதுகு? ஒல்லிக்குச்சி."

"கோட்டு போட்டிருக்கான். குளிராதா?"

இருவரும் வாக்குவாதத்தில் இறங்கினார்கள். ஓரின் எப்போது நாற்காலியைத் திருப்பினார் என்று இல்சா கவனிக்கவில்லை. அவள் மூன்றாவது மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறத்தின்மேல் நீலம் பூசிய இடம். அவள் கையே பூசியது. அங்கே ஒரு முதுகு இருந்தது. தோள் லேசாகச் சரிந்திருந்தது. அதன்பிறகு எத்தனை முறை பார்த்தாலும் அது இல்லாமல் அவளால் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் குறிப்பை எழுதிக் கொடுத்தாள். அவள் பெயர், வரைந்த வருடம், எண்ணெய் வண்ணம்.

"ஐம்பத்தஞ்சு வார்த்தை குறையுதே," என்றாள் ரெனாட்டா.

"குறையட்டும்."

ரெனாட்டா பெருமூச்சு விட்டு அதையே ஒட்டச் சொன்னாள்.

லோர்னா ஏப்ரலில் இறந்துபோனாள். மே மாதத்தில் ஒரு நாள், வரவேற்பில் இருந்த பெண் இல்சாவுக்குப் போன் செய்து, அந்தப் பெரியவர் வந்திருக்கிறார், தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்றாள். இல்சா போனாள். ஓரின் அவளைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"ரெண்டு மணி நேரமாப் பார்க்குறேன். இன்னைக்கு யாரும் இல்ல."

"தேடிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். டேலும் இல்ல, அவளும் இல்ல. நீலமா இருக்கு. அவ்வளவுதான்." நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

இல்சா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. கட்டடம் மெல்ல மிதப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. மதியம் தாண்டிய பிறகு ஓரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பசிக்குதா உங்களுக்கு? கீழத் தெருவுல மீன் வறுத்துத் தருவாங்க. லோர்னாவுக்கு உப்பு ஆகாதுன்னு நாங்க அந்தப் பக்கமே போறதில்ல."

"பசிக்குது," என்றாள் இல்சா. அவர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.