போகாத அசிட்டேட்

இந்த முறையும் அசிட்டேட்டைக் காட்டும் அந்தக் கோட்டு முகடு, அந்தப் பீக், போகவில்லை. ருக்மிணி, மூலக்கூறில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் என்.எம்.ஆர். கருவியின் திரையைப் பார்த்தபடி நின்றாள். அயோடினின் இருபுறமும் ஒட்டியிருக்கும் அசிட்டேட் தொகுதிகள் இரண்டும் விலகி, அந்த இடங்களில் டிரிஃப்ளேட் தொகுதிகள் இரண்டு வந்து உட்காரும் என்றுதான் ஆய்வுக் கட்டுரைகளில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். அப்படிக் கிடைப்பது எளிதில் மசியாத மூலக்கூறுகளையும் ஆக்சிஜனேற்றிவிடும் முரட்டுப் பொருள். ஆனால் அவள் தயாரித்த பொடியில் மட்டும் அசிட்டேட் எப்போதும் எட்டிப் பார்த்தது. கழுவினாள், உலர்த்தினாள், மறுபடி முதலிலிருந்து செய்தாள். பொருள் தூய்மையாக இல்லை என்று ஆய்விதழிலிருந்து அவள் கட்டுரை திரும்பி வந்தபிறகு, தன் கையில்தான் கோளாறு என்று நம்பத் தொடங்கியிருந்தாள். ஓசூரிலிருந்து பேசும் அப்பாவிடம் "ஆராய்ச்சி முடியப் போவுதுப்பா" என்று சொல்லிவிட்டு, அதைப் பாதியில் விட்டுவிடும் எண்ணத்தோடு பொம்மனஹள்ளிப் பக்கம் மருந்துக் கம்பெனிகளில் வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

கருவிகளுக்குப் பொறுப்பான ஜூடித் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அழுக்குன்னா ஒரு வாட்டி கூடும், ஒரு வாட்டி கொறையும். இது எப்பவும் ஒரே அளவுல இருக்கே, ருக்கு."

ருக்மிணி பழைய அளவீடுகளையெல்லாம் வரிசையாகத் திறந்தாள். எதில் பார்த்தாலும், அயோடினோடு சேர்ந்திருக்கும் ஒரு பென்சீன் வளையத்துக்கு ஓர் அசிட்டேட். சட்டென்று ஜூடித்தின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஒண்ணுதான் போயிருக்கு. இன்னொண்ணு அங்கயேதான் இருக்கு."

சொன்னால் போதாது, காட்ட வேண்டும். எக்ஸ்ரேயில் வைத்துப் பார்க்கத் தக்க படிகம் வளர்ப்பதில் அந்த மழைக்காலமே போயிற்று. பலமுறை பிசினாகிப்போனது. கடைசியில் ஒரு குப்பியின் அடியில் நிறமற்ற ஊசிகள் கிடந்தன. அவற்றில் ஒன்றை ஜூடித் ஈரம் படாமல் எண்ணெயில் எடுத்து எக்ஸ்ரே கருவியின் குளிர்காற்றில் பொருத்தினாள்.

ஆய்வு வழிகாட்டி ஸ்ரீகண்டன் வந்தபோது, அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் படம் தயாராகியிருந்தது.

"நோடோணா, பார்ப்போம்," என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். நடுவில் அயோடின். ஒருபுறம் டிரிஃப்ளேட். மறுபுறம் அசிட்டேட்.  அவர் மெல்லச் சிரித்தார்.

"இத்தனை வருஷமா கிளாஸ்ல நானும் ரெண்டு டிரிஃப்ளேட்தானே வரைஞ்சிட்டிருந்தேன்."

"என் சாம்பிள் சுத்தமாத்தான் இருந்துச்சு சார்."

"ஆமாம்மா. சுத்தமாத்தான் இருந்துச்சு." நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "உக்காரு. நீயே எழுது. உன் பேர்தான் மொதல்ல."

அவர் போனபின் ஜூடித் படிகத்தைக் கழற்றி நீட்டினாள். ருக்மிணி அதைச் சன்னலருகே கொண்டுபோனாள். ஈரக்காற்று பட்டதும் ஊசியின் விளிம்புகள் மழுங்கின. படம் கிடைத்துவிட்டதால் அவள் அதைக் காப்பாற்ற முயலவில்லை. அது ஒரு துளியாகி வெயிலில் மின்னுவதைச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.