செருப்பைக் கழற்றும் நாள்

பெரியப்பாவின் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்வது வருஷத்தில் ஒருநாள்தான். மற்ற நாட்களில் யாராவது வெறுங்காலோடு நுழைந்தால் அவருக்குக் கோபம் வரும். "கரண்டு வேல நடக்கற எடம்டா, கால்ல ரப்பர் இல்லாம எவன்டா உள்ள வர்றது?" என்று கத்துவார். ஆயுத பூஜை அன்று மட்டும் அதே வாசலில் நின்றுகொண்டு, "செருப்ப ஓரமா உட்டுட்டு வா" என்பார். இந்த வருஷம் அன்று காலை நான் கடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பழைய சிமெண்டுத் தரை. எவ்வளவு தள்ளினாலும் தண்ணீர் திரும்பி வந்து நடுவில் இருக்கிற பள்ளத்தில் நிற்கும். அந்தப் பள்ளத்துக்கு நேராகத்தான் பெஞ்சைப் போட்டு, பெஞ்சின் மேல் சிவப்பு எலக்ட்ரிக் கிட்டாரை வைத்திருந்தார்கள். பக்கத்தில் அதன் சத்தம் வருகிற ஆம்ப் பெட்டி. துடைப்பத்தால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பிறகு பழைய சாக்கைப் போட்டு ஒற்றினேன். சாக்கும் ஊறிப்போனதுதான் மிச்சம். என் உள்ளங்காலில் அந்த ஈரம் பட்டபோதெல்லாம் காலை இழுத்துக்கொண்டேன்.

நெல்லித்தோப்பில் சக்கரபாணி சவுண்ட் சர்வீஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, தீமிதி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் செட் இங்கிருந்துதான் போகும். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அம்மா என்னைப் பெரியப்பாவிடம் கொண்டுவந்து விட்டாள். வயர் சுற்றுவது, மைக் தலையைத் துடைப்பது, பேட்டரி சார்ஜ் போடுவதுதான் வேலை. கடை முழுக்க மைக். ஆனால் என்னை யாரும் பேசச் சொல்வதில்லை. வகுப்பில் எழுப்பி நிற்க வைத்துப் பாடத்தை வாசிக்கச் சொல்வார்கள். புத்தகத்தில் எழுத்து தெரியும், தொண்டையில் ஒன்றும் இருக்காது. இங்கே அந்தப் பயம் இல்லை. இந்தக் கடையை விட்டால் அம்மா என்னை ஜவுளிக்கடைக்கு அனுப்பிவிடுவாள். அங்கே வாசலில் நின்று, வாங்கக்கா, வாங்கண்ணா என்று நாள் முழுக்கக் கூப்பிட வேண்டும்.

கிட்டாரும் பெட்டியும் டூமாஸ் தெருவில் ஒரு மதாம் வீட்டிலிருந்து வந்தவை. பிரெஞ்சுப் பழக்கத்தில் மதாம் என்று கூப்பிட்டாலும் அவர்கள் தமிழர்தான். வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், போன வருஷம் இறந்துவிட்டார். மதாம் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு மகனோடு இருக்க பிரான்சுக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய சாமான் வாங்கப் பெரியப்பா போனார். சுற்றிக் கட்ட ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப்போனார். கிட்டாரைக் கொடுக்கும்போது மதாம் அதன் முதுகைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தார்கள். "எங்க மிசியே இத வாசிக்கணும்னா மொதல்ல ஷூ மாட்டுவாரு. வூட்டுக்குள்ளயேதான். பளபளன்னு பாலிஷ் போட்டு, லேஸ் கட்டி, அப்பறந்தான் கம்பியில கை வைப்பாரு" என்று வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார்கள். வண்டியில் திரும்பி வரும்போது வெற்றிவேல் அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். கடையில் லோடு ஏற்றி இறக்குகிறவர் அவர். "வூட்டுக்குள்ள ஷூவாம்! படுக்கும்போதும் கழட்ட மாட்டாரு போல." பெரியப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பெட்டிக்குள் பழைய ரேடியோவில் இருப்பதுபோலக் கண்ணாடி வால்வுகள் இருந்தன. சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது. வால்வுகள் மெல்லச் சிவந்து, தூசி சூடாகிற வாசனை வந்து, பிறகுதான் ஒரு முனகல் கேட்கும். துணி சுற்றிய வயர், அதன் நுனியில் எர்த் முள் இல்லாத இரண்டு முள் பிளக், எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் போகும். வேறு எந்தப் பெட்டியாக இருந்தாலும் பெரியப்பா அன்றைக்கே அந்த வயரை வெட்டி எறிந்திருப்பார். ஆனால் பெரியப்பா அனுப்பிய போட்டோவைப் பார்த்த சென்னை ஸ்டுடியோக்காரர் ஒருவர், அந்த மாதிரி பெட்டி இப்போது எங்கேயும் கிடையாது, ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றாதீர்கள், வயர்கூட அதே வயராக இருக்க வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டார். கிட்டார்க் கம்பியில் கரண்டு வருகிறதா என்று பெரியப்பா டெஸ்டர் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. "ஒண்ணும் இல்ல, ஜம்முனு இருக்குது" என்றார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, "எம் பையனத் தவுர எவனாவது இதத் தொட்டீங்க, அன்னியோட கடைக்கும் ஒங்களுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். அவர் பையன் தமிழ்மாறன் அண்ணன் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறார். அவர் கிட்டாரைத் தொட்ட அன்று நான் வயர் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். சத்தம் அலை அலையாக வந்தது, கடலோரத்துப் பாறைகளுக்குள் தண்ணீர் போய்ப் போய்த் திரும்புகிற மாதிரி.

எல்லோரும் மூலக்குளத்துக் கல்யாண மண்டபத்துக்கு செட் ஏற்றிக்கொண்டு போன ஒரு மத்தியானம் நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெட்டியின் பிளக்கைச் செருகிக் கிட்டாரைத் தொட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. தடித்த கம்பியை மட்டும் கட்டை விரலால் இழுத்து விட்டேன். என் விரல் இங்கே இருந்தது. சத்தம் எனக்குப் பின்னால் இருந்து வந்தது, என்னைவிடப் பெரிய யாரோ ஒருத்தி என் தோளுக்கு மேல் பேசுவதுபோல. பயந்து திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பெட்டியின் தங்கநிறத் துணி மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. அது அடங்கும் வரை மூச்சுவிடாமல் இருந்துவிட்டு இன்னொரு தடவை இழுத்தேன்.

அதற்கப்புறம் கடை காலியாகும் நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். ஒருநாள் மழை. செருப்பு சேறாகிவிட்டது என்று கழுவி வாசலில் சாய்த்து வைத்திருந்தேன். கூரையில் ஒழுகிய தண்ணீரைத் துடைத்த கையோடு போய்க் கம்பியைப் பிடித்தேன். நான் பிடித்தேன் என்றுதான் நினைத்தேன். கம்பிதான் என்னைப் பிடித்தது. கையை விட முடியவில்லை. பல் கிட்டிக்கொண்டது. கத்துகிறேன் என்று தெரிகிறது, காதில் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் சரிந்து விழுந்ததில் கிட்டாரின் வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது, அதனால்தான் பிழைத்தேன். மடியில் கிட்டார் கிடந்தது. பெட்டி ஒன்றுமே நடக்காதது மாதிரி முனகிக்கொண்டிருந்தது. கட்டை விரலில் வெள்ளையாக ஒரு கோடு வெந்திருந்தது. சாயங்காலம் பெரியப்பா பார்த்துவிட்டு என்னவென்று கேட்டபோது வயர் பற்றவைக்கிற சால்டரிங் கம்பியைக் காட்டினேன். "பாத்து செய்யக் கூடாதாம்மா" என்று அவரே பற்பசை தடவிவிட்டார். வெற்றிவேல் அண்ணன், "ஊமச்சி, சுட்டா கூடவா அய்யோன்னு ஒரு சத்தம் போட மாட்ட?" என்றார்.

வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் மதாம் வீட்டுக்காரரின் ஷூ நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகும் நான் வாசித்தேன் என்பதுதான் எனக்கே புரியாதது. செருப்பை மாட்டிக்கொண்டு, காய்ந்த இடமாகப் பார்த்து நின்று, புறங்கையால் கம்பியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு இழுப்பேன். விரலை ஓட்டினால் சில நாள் கம்பியின் மேல் கரண்டு கசிகிற மெல்லிய மொறமொறப்பு இருக்கும். சில நாள் இருக்காது. ஏன் என்று தெரியவில்லை. பெரியப்பாவிடம் சொல்லலாம். சொன்னால் தொட்டது தெரிந்துவிடும். கடையும் போகும், அந்தச் சத்தமும் போகும். மாறண்ணன் எப்போதும் ரப்பர் செருப்போடுதானே வாசிக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டேன். ஆயுத பூஜை வருவதை நான் நினைக்கவில்லை.

நினைத்த பிறகு தூக்கம் இல்லை. எங்கள் கடையில் பூஜை முடிந்ததும் எல்லா சாமானையும் ஒருதரம் ஓட விட வேண்டும். செட்டு பாட வேண்டும், மைக்கில் யாராவது பேச வேண்டும். இந்த வருஷம் மாறண்ணன் அந்தக் கிட்டாரை வாசித்துக்கொண்டே மைக்கில் சாமி பாட்டு பாடுவது என்று பெரியம்மா முடிவு பண்ணிவிட்டாள். வெறுங்கால், கழுவிய தரை, கையில் கம்பி, உதட்டில் மைக்கின் இரும்பு வலை. முந்தின நாள் அவர் பூமாலை கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். "இன்னாம்மா?" என்றார். "ஒண்ணும் இல்லண்ணா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பூஜைக்கு எல்லோரும் குளித்துவிட்டு வந்தார்கள். ஆம்ப், மிக்சர், ஸ்பீக்கர், டெம்போவின் சாவி வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. சிவப்பு கிட்டாரின் வயிற்றில் பெரியம்மா மூன்று பொட்டு வைத்து, கழுத்தில் சின்னதாக ஒரு மாலை போட்டாள். அப்போது பிளக் சுவரில் இல்லை. அதனால் பயமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பெரியப்பா குனிந்து, துணி சுற்றிய வயரை எடுத்து, பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டார். வால்வு சிவக்க ஆரம்பித்தது. பெரியம்மா சொம்புத் தண்ணீரை மாவிலையால் சுற்றித் தெளித்தாள். பெஞ்சுக்கு முன்னால் பள்ளத்தில் தண்ணீர் பளபளத்தது. கற்பூரம் ஏற்றினார்கள். வெற்றிவேல் அண்ணன் மணியை அடிக்க, மாறண்ணன் திருநீறு பூசிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அந்தப் பள்ளத்தில் வந்து நின்றார்.

"ண்ணா" என்றேன். மணிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

மெயின் சுவிட்சை அணைத்துவிடலாமா என்று பார்த்தேன். அதற்கு அவர்கள் எல்லோரையும் தாண்டிப் போக வேண்டும். முனகல் கேட்க ஆரம்பித்துவிட்டது. பெட்டி தயார். மணி நின்றது. மாறண்ணன் கைகளைத் துடைத்துக்கொண்டார். நான் வெளியே ஓடினேன். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் என்னுடையதுதான் முதலில் தெரிந்தது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, கற்பூரத்துக்கும் சாமி படத்துக்கும் எதிரே, மாறண்ணன் காலடியில் வைத்தேன்.

நிமிர்வதற்குள் முதுகில் ஓர் அடி விழுந்தது. பெரியம்மா. "அடிப் பாவி! சாமி எதுர செருப்பக் கொண்டாந்து வக்கிறியே, புத்தி கித்தி பெரண்டு போச்சா ஒனக்கு?"

"ஊமச்சிக்கு சாமி வந்துடுச்சி டோய்" என்றார் வெற்றிவேல் அண்ணன்.

மாறண்ணனுக்குச் சிரிப்பு. "இன்னாடி இது, எனக்கு பாத பூஜையா?" என்று கேட்டுக்கொண்டே கிட்டாரை எடுக்கக் குனிந்தார். மாலைக்குக் கீழே கம்பிகள் மினுமினுத்தன. அவர் விரலில் இன்னும் திருநீறு ஒட்டியிருந்தது.

"ஷூ" என்றேன்.

குனிந்தவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். என் குரல் அவருக்குக் கேட்டுவிட்டது. எனக்கும் கேட்டது, கரகரவென்று, வேறு யாருடையதோ மாதிரி. "மதாம் வூட்டுக்காரரு ஷூ போட்டுக்கினுதான் வாசிச்சாரு. தொடாதண்ணா. அது புடிக்கும். என்னப் புடிச்சிது."

"தொடாதேன்னு சொன்னத நீ எதுக்குடி தொட்ட?" என்று பெரியம்மா மறுபடியும் கையை ஓங்கினாள். பெரியப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையை எடுத்து, கட்டை விரலைத் திருப்பி, அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். பற்பசை தடவியது அவர்தான்.

"சால்டரிங்குன்ன" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"டேய் மாறா. கைய எடு."

"இல்லப்பா, நான் எத்தினி தபா வாசிச்சிருக்கேன், ஒண்ணும்..."

"எட்றான்னேன்."

பெரியப்பா சட்டைப் பையைத் தொட்டார். பூஜைக்காகப் புதுச் சட்டை போட்டிருந்ததால் டெஸ்டர் அதில் இல்லை. அது சாமி படத்துக்கு முன்னால், ஸ்க்ரூ டிரைவர்களோடும் கட்டிங் பிளேயரோடும் பொட்டு வைத்துப் படுத்திருந்தது. எடுத்து, அதன் மேலிருந்த குங்குமத்தை வேட்டியில் துடைத்தார். எரியவே இல்லை என்றால் என்ன ஆகும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அன்றைக்கு அவர் வைத்துப் பார்த்தபோது எரியவில்லையே. சாமி எதிரில் செருப்பை வைத்தவள் என்று நெல்லித்தோப்பு முழுக்கச் சொல்வார்கள். எரியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாறண்ணன் தொட இருந்த கம்பியில் கரண்டு இருக்கட்டும் என்று நான் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்ததும் படத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன்.

பெரியப்பா உலர்ந்த பக்கமாக ஒதுங்கி நின்று, என் செருப்பைப் பார்த்துவிட்டு, கையை நீட்டித் தடித்த கம்பியில் டெஸ்டரின் நுனியை வைத்தார். பின்னால் கட்டை விரலை அழுத்தினார்.

கைப்பிடிக்குள் இருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

தட்டில் கற்பூரம் முழுக்க எரிந்து கறுப்பாக வளைந்தது. பெட்டி முனகிக்கொண்டேயிருந்தது, எங்கள் எல்லோரையும்விடப் பொறுமையாக. மாறண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாரும் சொல்லாமலே, தண்ணீரில் இருந்து வலது காலைத் தூக்கி என் செருப்பின் மேல் வைத்தார். அப்புறம் இடது கால். அவருக்கு அது பாதிக்கால் அளவுகூட இல்லை. குதிகால் இரண்டும் வெளியே தொங்க, ஈரத்தில் படாமல் நுனிக்காலில் எம்பி, அப்படியே நின்றார்.