காதில் விழுந்த ‘போகும்’

மார்ச் 12, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ‘ஸ்டாப்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘போதும்’ என்று சொல்லிவிட்டேன்.

எழுதியதைப் படித்துவிட்டு அவள் விமான நிலைய ஊழியர் ஓய்வறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். நூற்று அறுபது பேரை ஏற்றிய விமானம், ஒரு காலைச் சேற்றில் விட்டவன் மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. திரும்பி வந்து ‘சிறு’ என்பதை அடித்தாள்.

விமானத்தைப் பின்னுக்குத் தள்ளித் திருப்பிவிடுவது டிராக்டர் அண்ணன் வேலை. அவர் இருப்பது விமானத்தின் மூக்குப் பக்கம். இறக்கைக்கு அடியில் உள்ள சக்கரங்கள் எங்கே போகின்றன என்று அவருக்குத் தெரியாது. பார்த்துச் சொல்லத்தான் அவள். எதையும் எழுதி வைப்பதால் அவளுக்கு நோட்டு என்று பெயர். அவள் படிக்கப் போகும் மாலை வகுப்பில் நாட்குறிப்பு எழுதச் சொன்ன பிறகு அந்தப் பெயர் ஒட்டியே விட்டது. வெள்ளிக்கிழமை அவளை வேலையில் நிரந்தரமாக்குவதாக இருந்தது.

காலை எட்டு மணிக்கு, சிமென்ட் தளம் முடிந்து புல் தொடங்கும் ஓரத்தை இடது சக்கரம் நெருங்கியபோது, வாக்கிடாக்கியில் அண்ணன் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் போகுமா நோட்டு?"

"போதும்ணா!"

இரைச்சலில் அது அவர் காதில் "போகும்ணா" என்று விழுந்தது. போகும் என்றால் போக வேண்டியதுதானே? போனார். மழையில் ஊறிக் கிடந்த புல்தரை சக்கரத்தை ஆசையாக வாங்கிக்கொண்டது.

விமானி உள்ளே "ஒரு சிறிய தாமதம்" என்று அறிவித்தாராம். அரை மணி நேரத்தில் படி வைத்துப் பயணிகளை இறக்கினார்கள். இறங்கியவர்கள் சக்கரத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு மஞ்சள் சட்டை போட்ட அதிகாரிகள் வந்தார்கள். நோட்டு எண்ணினாள். இடுப்பில் கைவைத்துப் பார்த்தவர்கள் பதினொரு பேர். குனிந்து பார்த்தவர் ஒருவர்; அவரும் பேனா கீழே விழுந்ததால் குனிந்தவர்.

அண்ணன் ஓய்வறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அதென்னம்மா போதும்? தட்டுல போடறப்ப சொல்ற வார்த்தை. அறுபது டன்னுக்குச் சொல்றதா?"

"நீங்க போகுமான்னு கேட்டீங்க. வாயில அது வந்துடுச்சுண்ணா."

"எங்க வீட்ல தினம் நூறு தடவ போதும் போதும்ங்கறா. அதுவே எனக்கு விளங்கல, இதுல நீ வேற!"

பின்னாலேயே மேற்பார்வையாளர் இரண்டு வாக்குமூலத் தாள்களோடு வந்தார். "நீங்க பேசினது ரெக்கார்டு ஆயிருக்கா?"

"நம்ம வாக்கிடாக்கில பேச்சு கேக்கறதே பெரிசு சார்," என்று சொல்லிவிட்டு, தன் தாளை வாங்கிக்கொண்டு அண்ணன் வெளியே போனார்.

மேற்பார்வையாளர் குரலைத் தணித்தார். "இங்க பாரும்மா. ‘ஸ்டாப்’னு சொன்னேன்னு எழுதிடு. போதும்னாலும் அர்த்தம் அதானே? மொழிபெயர்ப்புன்னு வச்சுக்கோ. வெள்ளிக்கிழமை உன் ஃபைல் என் மேசைக்கு வருது."

"அப்ப அண்ணனுக்கு?"

"ஸ்டாப்னு சொல்லியும் தள்ளினா பர்மிட் போகும். டிராக்டர் ஓட்ட முடியாது. அவ்ளோதான்."

"அவ்ளோதானா சார்?"

பேனாவைத் திறந்தாள். உண்மையில் என்னதான் சொன்னோம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பத்தாவது தடவை அவள் காதிலேயே ‘ஸ்டாப்’ என்று கேட்கத் தொடங்கியது. பயந்துபோய் அவசரமாக எழுதினாள்: ‘நான் சொன்னது போதும். விதிப்படி சொல்லியிருக்க வேண்டியது ஸ்டாப்.’

மேற்பார்வையாளர் படித்தார். "நல்லாருக்கற காலை நீயே சேத்துல விடறியே."

"ஏற்கெனவே ஒரு கால் உள்ளதான் சார் இருக்கு."

மத்தியானம் முடிவு வந்தது. அவளை நிரந்தரமாக்குவது மூன்று மாதம் தள்ளிப்போனது. கட்டளைத் தேர்வில் தேறும்வரை சக்கரத்துப் பக்கமே போகக் கூடாது. தெளிவாகக் கேட்காத வார்த்தைக்கு வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். பர்மிட் தப்பியது.

அண்ணன் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "ஸ்டாப்னு எழுதியிருந்தா நீ தப்பிச்சிருப்பே. தெரியுமா?"

"தெரியும்ணா."

"அப்புறம் ஏன்?"

"சொல்லலையே."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயெல்லாம் எப்படித்தான் பொழைக்கப் போறியோ," என்று முனகிக்கொண்டே தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் விமானத்தைச் சேற்றிலிருந்து இழுத்துப் பணிமனைக்குக் கொண்டுபோன பிறகு, பலகையில் மறுநாள் வேலையை எழுதிப் போட்டார்கள். நோட்டு: காலை ஆறு மணி, பணிமனை. இடது சக்கரங்களில் ஒட்டிய சேற்றைக் கழுவுதல். ஒன்பது மணிக்கு வாய்மொழிக் கட்டளைத் தேர்வு.