வெட்டாமல் வைத்த துணி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் துணி தைக்கும் டெய்லர் அக்கா தன்னைப் பற்றிச் சொன்னது. (இதில் ஒரு பொய் இருக்கிறது. மூன்றாம் பகுதிவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'அவளுடைய வயிற்றில் ஒரு...' அடித்துவிட்டேன். என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியாதபோது நான் முந்திக்கொள்வது சரியில்லை.

மறுபடி: ஊரார் இடுப்பையெல்லாம் அளக்கும் தையல்காரி ஒருத்தி, பத்து மாதத்தில் தன் பாவாடையை மூன்று முறை பிரித்து அகலப்படுத்திக்கொண்டாள். கொஞ்சம் பிடித்தாலே பிரித்துத் தைத்துவிடுவாள். அதனால் எந்த உடையும் அவளுக்கு இறுக்கமாக இருந்ததே இல்லை. வேறொருத்திக்கு உடை சேராதபோதாவது சந்தேகம் வந்திருக்கும்.

2

இவளை நம்ப முடிகிறதா? மாதவிலக்கு பத்து நாள் நீள்கிறது. கட்டி கட்டியாகப் போகிறது. மணிக்கொரு தடவை பாத்ரூமுக்கு ஓடுகிறாள். நாற்காலியில் கறுப்புத் துணி விரித்துத்தான் உட்காருகிறாள். இதற்குப் பிறகும் ஒருத்தி டாக்டரிடம் போகாமல் இருப்பாளா?

இருப்பாள். காரணங்களை எழுதிப் பார்த்தேன். வயசானால் இப்படித்தான். அடுத்த மாதம் சரியாகிவிடும். [இது பத்து முறை வருகிறது, ஒன்பதை நீக்கவும்.] கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்வார்களோ என்கிற பயம். அப்புறம், ஸ்கேன் எடுக்கப் போனால் "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்பார்கள்.

இந்தக் கடைசிக் காரணத்தை எழுதியதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

3

பொய் இதுதான். டெய்லர் அக்கா தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. டேப்பை என் இடுப்பில் சுற்றியவர், பழைய அளவு நோட்டைப் புரட்டினார். மறுபடி அளந்தார்.

"தோளும் கையும் இளைச்சிருக்கு. வயிறு மட்டும் நாலு இஞ்ச் ஏறியிருக்கு. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிறேனே, தொப்பைதான் என்று சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. நான் கொண்டுபோன துணியை மடித்து அலமாரியில் வைத்தார்.

"காட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் இத வெட்ட மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் என் உடம்பில் உள்ளதையெல்லாம் அவர் தலையில் கட்டிக் கதையாக்கினேன். பாவாடையைப் பிரித்தது மட்டும்தான் கற்பனை. நான் எலாஸ்டிக் வைத்த உடைக்கு மாறிவிட்டேன். கறுப்புத் துணி இதோ, எனக்கு அடியில் இருக்கிறது.*

* இந்த வருஷத்தில் என்னைத் தொட்ட ஒரே ஆள் அவர்தான். கோபத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

4

முடிவுகள். ஒன்று: நீர்க்கட்டி, சில மாதத்தில் தானாகவே சுருங்கிவிடுகிறது. இரண்டு: நார்க்கட்டி, ஆபரேஷன். மூன்று: இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்கிறார், அவள்... (தொடர மனமில்லை.)

எந்த முடிவானாலும் முதலில் ஒரு போன் செய்தாக வேண்டும். இப்போதுதான் செய்தேன். மகளிர் டாக்டரின் வரவேற்பில் ஒரு பெண் எடுத்தாள். எத்தனை நாளாகத் தொந்தரவு என்று கேட்டாள். பத்து மாதம் என்றேன். கதையில் ஏற்கெனவே எழுதியிருந்ததால் சட்டென்று வந்தது.

"வியாழக்கிழமை காலைல வரலாம். பேஷண்ட் நீங்களா, வேற யாராவதா?"

ஒரு தையல்காரிக்கு என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அந்தப் பெண் இன்னும் லைனில் இருக்கிறாள். இதுவரைக்கும் என் கூட வந்திருப்பது நீங்கள் ஒருவர்தான். பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள்.