ஆளுக்கு ஒரு பூட்டு

மேற்பார்வையாளர் முழங்கால் மடக்கி உட்கார்ந்து தாளை அம்மாவிடம் நீட்டினார். இரண்டடி தள்ளித்தான் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

“தப்பா நினைக்காதீங்கக்கா. மெயின் சுவிட்சுல பூட்டு போடாமலே லிஃப்ட் குழியில இறங்கிட்டாரு. விவரம் தெரியாம எவனோ சுவிட்சைப் போட்டுட்டான். கவனக்குறைவுன்னு எழுதித்தான் ஆகணும்.”

“யாருக்கு சார் கவனக்குறைவு?” அம்மாவின் குரல் கூடத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. “அடுப்பை அணைச்சிட்டு மூணு தடவை வந்து பார்க்கிற மனுஷன் சார் அவரு. எவனோ பூட்டைக் கழட்டியிருக்கான். அந்தப் பூட்டைக் கொண்டாங்க, அப்புறம் எழுதிக்கலாம்.”

லிஃப்ட் பழுதுபார்க்க இறங்குகிறவன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் பூட்டு மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு. அவனே மேலே வந்து திறந்தால்தான் லிஃப்ட் ஓடும். அப்பா சாப்பாட்டு டப்பாவை மறந்த நாள் உண்டு. பூட்டை மறந்ததே கிடையாது.

நேற்றும் அவர் மறக்கவில்லை. அது வாலுவின் சைக்கிளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பதினாறு வயது. வாலு என்று பெயர் வைத்தவரே அப்பாதான். சைக்கிள் சாவியை மூன்றாவது தடவையாகத் தொலைத்துவிட்டு, நேற்றுக் காலை பரீட்சைக்குக் கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள். “ஒரே ஒரு நாள்ப்பா!”

“சாயங்காலம் கைக்கு வந்துடணும். இதையும் தொலைச்சே, உன்னையே வச்சுப் பூட்டிடுவேன்” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஊருக்கெல்லாம் கறாராக இருந்த மனுஷர் அவளிடமும் ஒரு தடவை முடியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அப்பாவோடு வேலை பார்த்து, தினமும் பூட்டே இல்லாமல் இறங்குகிறவர்கள் இதோ வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா அப்படி இறங்கியது ஒரே ஒரு நாள்.

“அண்ணன் கொஞ்சம் அசட்டையாத்தான் இருந்திருப்பாரு போல” என்று சித்தப்பா பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அம்மாவின் காதருகே குனிந்தாள்.

“பூட்டு என் சைக்கிள்லம்மா. நேத்து நான்தான் கேட்டு வாங்கிட்டுப் போனேன்.”

அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள்.

“என்னக்கா, பாப்பா என்ன சொல்லுது?” என்றார் மேற்பார்வையாளர்.

“ஒண்ணுமில்ல சார்.” அம்மா அவர் பக்கம் திரும்பினாள். “நீங்க சொன்ன மாதிரியே எழுதிக்குங்க. அவருக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தி.”

“அம்மா, அப்பா மறக்க…”

அம்மா வாலுவின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வார்த்தை பாதியில் நின்றது.

எதிர் வரிசையில் ஒருவர், “நான் அப்பவே நினைச்சேன்” என்றார். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

தாள் மின்விசிறிக் காற்றில் படபடத்தது. மேற்பார்வையாளர் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, அம்மா ஒற்றைக் கையால் கையெழுத்துப் போட்டாள். இன்னொரு கை வாலுவை விடவில்லை. விரல்கள் மரத்துப்போயும் வாலு தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.